ஆர்.என். காவ்: ‘ரா’வின் தலைமை அவருக்கு ஏன் போனது?

கேள்வி (ஏடுதேடி):
காவ் 1940-ல் போலீஸ் பணிக்கு வந்தவர், 1968-ல் இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வின் (Research and Analysis Wing) முதல் தலைவர். நடுவே உள்ள 28 வருடத்தைப் பலரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். நேரு குடும்பத்தோடு இருந்த நெருக்கம்தான் காரணமா? அப்புறம், ‘ரா’வின் பெயரில் ஏன் ‘பிரிவு’ (Wing)? தனித் துறை என்று ஏன் வைக்கவில்லை?

பதில் (வடகோடன்):
நெருக்கம் இருந்ததை மறுக்க முடியாது, உளவுத்துறையான ஐ.பி.யில் (Intelligence Bureau) நேருவின் பாதுகாப்பைக் கவனித்தவர். ஆனால் வெளிநாட்டு வேலையில் அவர் பெயரை நிலைநிறுத்தியது ‘காஷ்மீர் பிரின்சஸ்’ விமான விசாரணை.

1955 ஏப்ரல் 11. ஹாங்காங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்த ஏர் இந்தியா விமானம் நடுவானில் வெடித்துக் கடலில் விழுந்தது. 19 பேரில் 16 பேர் இறந்தார்கள். ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டுக்கு அதில் போகவேண்டிய சீனப் பிரதமர் சூ என்லாய் ஏறவில்லை. குண்டு வெடித்தது வலது சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழியில். பறக்கும்போது அங்கே யார் கையும் எட்டாது. ஆக, விமானம் தரையில் நின்றபோது வைத்ததுதான். சந்தேகம் ஹாங்காங் விமான நிலையத்தின் துப்புரவுப் பணியாளர் ஒருவர்மேல் விழுந்தது. கைதுக்கு முன்பே அவர் தைவானுக்குத் தப்பிவிட்டார்.

இந்தியா சார்பில் விசாரித்த காவுக்குச் சிக்கல் தடயத்தில் இல்லை. விமானம் இந்தியாவுடையது, விழுந்தது இந்தோனேசியா பக்கம், ஹாங்காங் போலீஸ் பிரிட்டிஷ் கையில், பிரிட்டனைச் சீனா நம்பவில்லை. அத்தனை பேரிடமும் பேசி வேலை வாங்கவேண்டியிருந்தது. பிற்பாடு அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

பதில் (கோப்புப்புழு):
மேலே விட்டுப்போனவை: தலைவர் என்க்ருமாவின் கானாவுக்கு உளவு அமைப்பை உருவாக்கித் தர அனுப்பப்பட்டார். 1962 சீனப் போருக்குப் பிறகு, வானிலிருந்து படமெடுத்து உளவறியும் ஏ.ஆர்.சி.க்கு முதல் தலைவர். ஆக 1968-ல் இந்திரா ‘ரா’வுக்குத் தலைவர் தேடியபோது, புதிதாக அமைப்பு கட்டிய அனுபவம் காவுக்கு ஏற்கெனவே இருந்தது.

‘பிரிவு’ விஷயம். 1968 செப்டம்பர் 21-ல் ஐ.பி.யின் வெளிநாட்டுப் பகுதியைப் பிரித்து, சுமார் 250 பேரோடு கேபினட் செயலகத்துக்குள் ஒரு பிரிவாக வைத்தார்கள். ஐ.பி. உள்துறைக்குக் கீழே. இது பிரதமருக்கு நேரே. பெயர் அடக்கமானது, கை நீளமானது! 1971 போருக்குப் பிறகு ‘ரா’ பிறந்தது என்று எழுதுவது பிழை. வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாஹினிக்கு உதவியபோது ‘ரா’வுக்கு மூன்று வயது.

பதில் (வடகோடன்):
பதவிப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவ் அரசுச் செயலர் அந்தஸ்தில் இருந்தார். 1977-ல் ஜனதா ஆட்சி வந்ததும் அவர் விலக, நெடுநாள் துணையாக இருந்த சங்கரன் நாயர் தலைவரானார். செயலர் என்ற பதவியை இயக்குநர் என்று குறைக்கப்போவது தெரிந்ததும், சில மாதங்களிலேயே நாயரும் வெளியேறிவிட்டார்.