காப்பீட்டு அட்டை இருந்தும் கைக்காசு எவ்வளவு போனது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கள் வீட்டில் பல வருடமாக இருக்கிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோடு சேர்த்த பிறகு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம்வரை சிகிச்சை என்றானது. அந்தத் தைரியத்தில்தான் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தபோது மதுரையில் திட்டப் பட்டியலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கவுண்டரில் இருந்த பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆஞ்சியோவுக்கு இப்ப கட்டிடுங்க சார், அப்ரூவல் வந்ததும் பார்த்துக்கலாம்" என்றான். ஆஞ்சியோ என்றால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஆளை உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே நின்று யார் சட்டம் பேசுவது? கட்டினோம்.

அடைப்பு இருக்கிறது, ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாயான ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். அனுமதியும் வந்துவிட்டது. அப்புறம்தான் ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "திட்டத்துல வர்றது சாதா ஸ்டென்ட். நல்லது வேணும்னா வித்தியாசத்தை நீங்க போடணும்" என்றார். இப்படிக் கேட்டால் எந்த மகள் அப்பாவுக்குச் சாதாவே போதும் என்பாள்? என் மனைவி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சரி என்றுவிட்டாள்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியிலேயே உச்சவரம்பு வைத்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே உச்சவரம்புதான், எது 'நல்லது' என்றாலும் அதற்கு மேல் விலை வைக்க முடியாது. அனுமதி வந்த சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் வாங்கவும் கூடாது. ரசீதைப் பார்த்தால் ஸ்டென்ட் என்ற பேச்சே இல்லை, 'மருந்து மற்றும் இதரப் பொருட்கள்' என்று ஒரே வரி. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். அதை யாரும் தொலைத்துவிடாதீர்கள்.

நெல்லைச்சீமை:
எங்கள் சித்தப்பாவுக்கு அரசு மருத்துவமனையில் இதே ஸ்டென்ட். ஒரு பைசா கேட்கவில்லை. இலவச ஆஸ்பத்திரியிலும் எதற்கு அட்டை கேட்கிறார்கள் என்று சித்தி சத்தம் போட்டார். காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வருகிறது, அதில்தான் சாமான் வாங்குகிறார்கள் என்று ஒரு நர்ஸம்மா பொறுமையாக விளக்கினார். காத்திருப்பு மட்டும் அதிகம். வராண்டாவில் பாய் விரித்துக் கிடந்தோம்.

பனியன்ஊர்:
உங்களுக்காவது அட்டை இருக்கிறது. நான் திருப்பூரில் கம்பெனி வேலை. சம்பளத்தில் பிடித்தம் செய்து தொழிலாளர்களுக்குத் தரும் இஎஸ்ஐ காப்பீட்டு அட்டையில்தான் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி சந்தோஷமாகச் சம்பளத்தை உயர்த்தினார், இஎஸ்ஐக்கான மாதச் சம்பள வரம்பான 21,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த வரம்பு 2017-இல் வைத்தது, அப்புறம் விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வரம்பு நகரவில்லை. பிடித்தம் செய்யும் ஆறு மாதக் கணக்கும், அதற்குப் பின் வரும் பலன் காலமும் முடியும்வரை அட்டை செல்லும், அதோடு சரி.

முதல்வர் திட்டத்துக்குப் போனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். வருமானச் சான்று கேட்டுப் போனபோது கிராம நிர்வாக அலுவலர் என் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சிரித்தே விட்டார். தனியார் பாலிசி கேட்டால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருக்க வைக்கலாம். சட்டமே அனுமதிக்கிறது, முன்பு நான்காக இருந்ததாம். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்கிற ஆளுக்கு மூன்று வருடம்! பத்தாயிரத்துக்கு மேலே, 21,000-க்குக் கீழே இருப்பவனுக்கு இஎஸ்ஐ, அதுவும் கம்பெனி பதிவு செய்திருந்தால். அதற்கு மேலே கொஞ்சம் ஏறியவனை எந்தக் கணக்கிலும் காணோம். சம்பளத்தைக் குறைத்துப் போடுங்கள் என்று முதலாளியிடம் கேட்கலாமா என்று வீட்டில் நிஜமாகவே பேசினோம்.

நெல்லைச்சீமை:
பனியன்ஊர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டுப் பார்த்தீர்களா? அட்டை இல்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

பனியன்ஊர்:
அங்கேதான் இப்போது போகிறோம். விடிகாலை நேரம்தான் கிடைத்திருக்கிறது. அம்மாவை பைக்கில் உட்கார வைக்க முடியாது, ஆட்டோவுக்கே பாதிச் சேமிப்பு போகிறது.

வைகைக்கரை:
புகார் கொடுத்தீர்களா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: ஸ்டிக்கர் நகல், ரசீது இரண்டையும் வைத்து, கலெக்டர் ஆபீஸில் திட்டத்தைக் கவனிக்கும் பிரிவில் எழுதிக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் மருத்துவமனையிலிருந்தே போன் வந்தது, ஸ்டென்ட் வித்தியாசத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆஞ்சியோவுக்குக் கட்டியதைக் கேட்டால் மட்டும், அது அப்ரூவலுக்கு முந்தையது என்கிறார்கள். அந்தப் பணத்தை யாராவது திரும்ப வாங்கியிருக்கிறீர்களா?