அரசு உதவி பெறும் சிறப்புப் பள்ளிகள்: சட்டத்தில் எதைத் திருத்தக் கேட்பது?

செல்வி_க (கேள்வி)
பெற்றோர் சங்கத்தின் சார்பில் மாநில அரசுக்கு மனு தயாரிக்கிறோம். மானியத்தில் நடக்கும் சிறப்புப் பள்ளிகளில் ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள், மானியம் தாமதமானால் சம்பளம் நிற்கிறது, ஆண்டின் நடுவில் ஆசிரியர் போய்விடுகிறார். "சட்டத்தைத் திருத்துங்கள்" என்று பொதுவாக எழுதினால் மனு கோப்பிலேயே கிடக்கும். எந்தப் பிரிவு, என்ன கோரிக்கை என்று சொல்ல முடியுமா?

முகில்வண்ணன்
மேடம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஐயே திருத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். அது நாடாளுமன்றச் சட்டம். அதற்கு முரணாக மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வரை போக வேண்டியிருக்கும். விதிகளைக் குறிவையுங்கள். 101-ம் பிரிவு மாநிலத்துக்கு விதி வகுக்கும் அதிகாரம் தருகிறது. வரைவை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. ஆட்சேபமும் ஆலோசனையும் கொடுக்க உங்களுக்குக் கிடைக்கும் வாசல் அதுதான்.

கோளாறு 55-ம் பிரிவில் இருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு அரசு தன் பொருளாதார வரம்புக்குள் நிதியுதவி "வழங்கலாம்" என்கிறது, "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. ஆனால் 31-ம் பிரிவோ, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாகத் தருகிறது. குழந்தைக்கு உரிமை இருக்கிறது, அதை நிறைவேற்றும் பள்ளிக்குப் பண உறுதி இல்லை. மனுவின் முதல் பத்தி இதுவாக இருக்கட்டும்.

ஆசிரியர் எண்ணிக்கைக்கு 51(3). அரசு விதிக்கும் வசதிகளும் தரமும் இருந்தால்தான் பதிவுச் சான்று தர முடியும். மாணவர்–ஆசிரியர் விகிதத்தை அந்தத் தர விதியில் எழுதச் சொல்லுங்கள். சிறப்பு ஆசிரியர்கள் தொடர்பான ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28 அன்று இடைக்கால ஏற்பாடாக ஏற்ற விகிதங்கள் இருக்கின்றன: மூளை முடக்குவாதம் 8:1, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு 5:1, பார்வையும் செவித்திறனும் சேர்ந்து பாதித்த குழந்தைகளுக்கு 2:1.

தணிகை_2
விகிதம் சரி. ஆனால் அதை மட்டும் 51(3)-இன் கீழ் எழுதிவிட்டு மானியத்தைத் தொடாமல் விட்டால் பள்ளி மாட்டிக்கொள்ளும். ஆளைப் போடப் பணம் இருக்காது, போடாவிட்டால் 52-ம் பிரிவில் பதிவு ரத்தாகலாம். மேல்முறையீட்டுக்கு 53 இருக்கிறது, ரத்து உறுதியானால் பள்ளி இயங்க முடியாது. விடுதிக் குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கவோ வேறு நிறுவனத்துக்கு மாற்றவோ 52-ம் பிரிவிலேயே வழி உண்டு. வீட்டிலிருந்து வந்துபோகும் குழந்தை மறுநாள் எங்கே போகும்? மாற்றுப் பள்ளியில் சேர்க்கை உறுதியான பிறகே ரத்து நடைமுறைக்கு வர வேண்டும் என்று விதியில் கேளுங்கள். இதை விட்டுவிடாதீர்கள்.

ஆகவே தர விதியும் மானிய அரசாணையும் ஒரே நாளில் வர வேண்டும். கணக்கையும் இணைத்துக் காட்டுங்கள். 41 குழந்தைகள் உள்ள பள்ளியில் அறிவுசார் குறைபாடு 21, மூளை முடக்குவாதம் 16, பார்வை–செவி இரண்டும் பாதித்தவர் 4 என்றால் 5 + 2 + 2, மொத்தம் 9 பணியிடம். 21-ஐ 5-ஆல் வகுத்து 4 என்று கீழே முழுமையாக்கிவிடுவார்கள், ஓர் ஆள் போய்விடும். "பின்னம் வந்தால் மேல் முழு எண்" என்று எழுதியே ஆக வேண்டும். பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், ஆயா யாரும் இந்த 9-க்குள் வரக்கூடாது.

செல்வி_க
நன்றி சார். சம்பளம் நிற்பதற்கு என்ன வாசகம்?

தணிகை_2
பெரும்பாலும் பயன்பாட்டுச் சான்றிதழில்தான் (வந்த மானியத்தை எதற்குச் செலவிட்டோம் என்று காட்டும் சான்று) சிக்கும். கட்டடத்துக்கோ உபகரணத்துக்கோ வந்த தொகையின் சான்றிதழ் தாமதமானால் மொத்தத் தவணையும் நிறுத்தப்படும். சம்பளத்தைத் தனித் தலைப்பாகப் பிரித்து, மாதாமாதம் ஆசிரியர் வங்கிக் கணக்குக்கே போகும்படி கேளுங்கள். மற்றத் தலைப்புகளின் குறைக்காகச் சம்பளத்தை நிறுத்தக்கூடாது என்று ஒரு வரி. பணியிடம் பெறுபவர், சிறப்பு ஆசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (RCI) பதிவு செய்தவராக இருக்க வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள், தணிக்கையில் அதைக் காட்டி மறுக்க இடமிருக்காது.

முகில்வண்ணன்
இன்னொன்று. 54-ம் பிரிவின்படி அரசே நடத்தும் நிறுவனங்களுக்கு இந்தப் பதிவு அத்தியாயம் பொருந்தாது. அதே விகிதம் அரசு சிறப்புப் பள்ளிக்கும் உண்டு என்று தனி அரசாணை கேளுங்கள்.