பதில்: சார்ஜ் அக்செப்டன்ஸ்: மின்னெடுப்பா, மின்னேற்பா?

> மெக்கானிக் வாயில் வரும் சொல்லை விட்டுவிட்டு ஏன் தேடி அலைகிறோம்? "பேட்டரி சார்ஜ் எடுக்க மாட்டேங்குது" என்கிறார். மின்னெடுப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

வணக்கம் ஐயா. சார்ஜ் செய்யும்போது வரும் மின்னோட்டத்தை பேட்டரி எந்த அளவுக்கு உள்வாங்கிச் சேமிக்கும் என்பதே சார்ஜ் அக்செப்டன்ஸ்; அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

வாதம் பிடித்திருக்கிறது, சொல்தான் இடிக்கிறது. மின்விசிறியும் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கிறது என்கிறோமே. மின்னெடுப்பு என்றால் உள்ளே போவதா, வெளியே வருவதா?

மின்னேற்பு என்பது என் பரிந்துரை. சார்ஜர் ஏற்றுகிறது, பேட்டரி ஏற்கிறது. ஈய-அமில பேட்டரியைச் சீக்கிரம் நிரப்ப முடியாததற்குக் காரணமே, ஏற்றுவதையெல்லாம் அது ஏற்பதில்லை என்பதுதான். காலியாக இருக்கும்போது தாராளமாக ஏற்கும். 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் (குழாய்த் தகட்டு) பேட்டரிக்கு 15 ஆம்பியர் கொடுத்தால், மின்னழுத்தம் 14.4 வோல்ட்டைத் தொடும்போது ஏறக்குறைய 80 சதவீதம் நிரம்பியிருக்கும். அதன்பின் தகடுகளில் ஈய சல்பேட் குறையக் குறைய ஏற்பும் சுருங்கும். மீறித் திணிக்கும் மின்னோட்டம் தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிப்பதில் போய்விடும், சூடும் ஏறும். 30 ஆம்பியர் சார்ஜர் வாங்கினால் நேரம் பாதியாகும் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்: 14.4 முன்னதாகவே வந்துவிடும், கடைசிப் பகுதி வழக்கம்போல் மணிக்கணக்கில் இழுக்கும்.

எந்தச் சொல்லையும் வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1960களில் பேட்டரி ஆய்வாளர் ஜே. ஏ. மாஸ் வகுத்த விதிகளில் ஒன்று, பேட்டரியை வேகமாக வடித்தால் (டிஸ்சார்ஜ் செய்தால்) அடுத்து அது ஏற்கும் திறன் கூடும் என்கிறது. ஏற்றும்போதே இடையிடையே நொடிப்பொழுது வடித்துவிடும் துடிப்பு முறை சார்ஜர்களுக்கு அடிப்படை இது. "வேகமாக வடித்த பேட்டரியின் மின்னேற்பு அதிகம்." தடுக்கவில்லை. "மின்னெடுப்பு அதிகம்" என்று மாற்றிப் பாருங்கள், பொருளே தலைகீழாகிறது.

> குறைகடத்தியில் அக்செப்டருக்கு ஏற்பி என்று இருக்கிறதே, குழம்பாதா?

குழம்பாது. அது குறைகடத்தியில் வேண்டுமென்றே கலக்கும் மாசணுவின் பெயர், இது பேட்டரியின் பண்பு. மின்னேற்றம் (சார்ஜ் செய்வது), மின்னேற்பு இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் கண் வழுக்கும் என்பதுதான் எனக்குள்ள உறுத்தல். அளவைச் சொல்லுமிடத்தில் "மின்னேற்பு வீதம்" என்று நீட்டி எழுதினால் சமாளிக்கலாம்.

14.4 வோல்ட்டைத் தொட்டபின் வரும் அப்சார்ப்ஷன் கட்டத்துக்கு "உறிஞ்சு கட்டம்" மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே மின்னழுத்தத்தை நிலையாக வைத்து மின்னோட்டத்தைத் தானாகக் குறைய விடுகிறோம். நிலையழுத்தக் கட்டம் போதும்.

மின்னேற்பு வேண்டாம் என்பவர்கள் மேலேயுள்ள மாஸ் வாக்கியத்தில் தங்கள் சொல்லைப் பொருத்தி எழுதி அனுப்புங்கள்.