பழைய ஹைலக்ஸ் 2.8 டீசல்: டப்பாவைத் தூக்கிவிட்டுக் கூம்பு ஃபில்டர் போடலாமா?

பகோ_பிக்கப்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஹைலக்ஸ், 3எல் எஞ்சின் (அது மாடல் பெயர், மூன்று லிட்டர் இல்லை), டர்போ கிடையாது. மியான்மரில் பகோவைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஆலைக்கு நெல் மூட்டை ஏற்றி ஓடுகிறது. பங்குனி, சித்திரையில் செம்மண் புழுதி, ஆடியில் முழங்கால் தண்ணீர். ஏர் கிளீனர் டப்பாவில் இரண்டு கிளிப் ஒடிந்துவிட்டது. டப்பாவையே எடுத்துவிட்டு, பானெட்டுக்குள் எண்ணெய் தடவிய கூம்பு ஃபில்டர் மாட்டினால் இழுவை கூடும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? ஸ்நார்க்கல், அதாவது உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாய், அவசியமா?

டீசல்_அண்ணாச்சி:
வேண்டாம் தம்பி. பானெட்டுக்குள் இருப்பது ரேடியேட்டர் சூட்டில் வெந்த காற்று. 10 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி 3 சதவீதம் போல இறங்கும். வெளிக்காற்றைவிட 30 டிகிரி சூடாக இழுத்தால் பத்தில் ஒரு பங்கு காற்று போச்சு. பம்ப் அதே டீசலைத்தான் ஊற்றும், ஆகவே கரும்புகைதான் கூடும். சத்தம் பெரிதாவதால் இழுவை கூடினது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய கெடுதல் தூசி. கூம்பு ஃபில்டரின் துணியில் எண்ணெய் காய்ந்த இடம் வெறும் வலைதான். மாவு போன்ற செம்மண் அதில் நுழைந்துவிடும். லைனரும் ரிங்கும் தேயும், கம்ப்ரஷன் இறங்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆயில் ஊற்றும் வாயில் புகை தள்ளும். பழைய சாமான் கடையில் முழு டப்பாவாகத் தேடி வாங்கி, பேப்பர் ஃபில்டரே போடுங்கள். கிளிப் இல்லாத டப்பாவைக் கம்பியால் கட்டி ஓட்டாதீர்கள். மூடி ஒரு பக்கம் தூக்கினால் ஃபில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தட்டோன்_மெக்கானிக்:
டப்பா மாற்றும்போதே ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி மடித்துப் பாருங்கள். மடிப்புக்குள் இருக்கும் வெடிப்பு மாட்டிய நிலையில் கண்ணுக்குத் தெரியாது. ஹோஸ் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்மண் ஒட்டினால் எங்கோ ஓட்டை. எண்ணெய்ப் பசை மட்டும் என்றால் ப்ரீதர் (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக வந்தது.

ஃபில்டரைச் சுத்தம் செய்ய டயரில் தட்டாதீர்கள், ஓரம் நெளிந்துவிடும். கம்ப்ரஸர் காற்று 30 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம். அரை அடி தள்ளிப் பிடித்து, உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இறங்கிவிடும். பிறகு இருட்டில் உள்ளே டார்ச் வைத்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். இரண்டு மூன்று முறை ஊதினதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம். தினமும் திறப்பதும் தப்புதான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கம் விழும். ஆலையில் பதர் பறக்கும் இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு நிற்காமல் இருந்தாலே ஃபில்டர் ஆயுள் கூடும்.

ஆற்றங்கரையான்:
ஸ்நார்க்கல் உங்கள் ஆடி மாதத்துக்கு நல்லது, ஆனால் அரைகுறையாகப் போட்டால் வீண். 3 அங்குலக் குழாய் போதும். 4000 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 5000 லிட்டர் போலத்தான் இழுக்கும். மட்கார்டு ஓட்டையில் ஒவ்வொரு இணைப்பையும் சீல் செய்து கிளாம்ப் போடுங்கள். டப்பா அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் ஒருவழி ரப்பர் வால்வு இருக்கிறதா பாருங்கள். அது கிழிந்திருந்தால் ஸ்நார்க்கல் தலை மேலே இருந்து என்ன பயன்?

சோதனை எளிது: எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஸ்நார்க்கல் வாயை ரப்பர் ஷீட் ஒட்டிய பலகையால் மூடுங்கள், உள்ளங்கையால் வேண்டாம். சில விநாடியில் எஞ்சின் அணைய வேண்டும். அணையவில்லையா, வழியில் காற்று நுழைகிறது.

தண்ணீரில் எஞ்சின் நின்றால் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். க்ளோ பிளக் (ஸ்டார்ட்டுக்காக சிலிண்டரைச் சூடேற்றும் பிளக்) நான்கையும் கழற்றி, சுற்றவிட்டுத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட்.

பகோ_பிக்கப்:
டப்பா தேடுகிறேன் அண்ணே. ஃபில்டர் ரப்பர் ஓரத்தில் கிரீஸ் தடவலாமா?

டீசல்_அண்ணாச்சி:
மெல்லிசாகத் தடவலாம், புழுதியைப் பிடித்துக்கொள்ளும்.

தட்டோன்_மெக்கானிக்:
எனக்கு உடன்பாடு இல்லை அண்ணாச்சி. காய்ந்த ரப்பரில் தூசிக்கோடு எங்கே உள்ளே ஓடுகிறது என்று அடுத்த தடவை திறக்கும்போது கண்டுபிடிக்கலாம். கிரீஸ் பூசினால் அந்தத் தடயம் மறைந்துபோகும். ரப்பர் கெட்டியாகிவிட்டால் புது ஃபில்டர் வாங்குவதுதான் சரி.

டீசல்_அண்ணாச்சி:
டப்பா விளிம்பு துருப்பிடித்திருந்தால் புது ரப்பரும் உட்காராது. முதலில் விளிம்பைத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள் தம்பி.