அடி வாங்கின நாங்கள் நல்லாத்தானே இருக்கிறம்?

கோண்டாவிலாள்:
போன ஞாயிறு எங்கட ஒழுங்கையில ஒரு தகப்பன் ஒன்பது வயசுப் பெடியனைப் பெல்ட்டால விளாசினார். புலமைப்பரிசில் மாதிரிப் பரீட்சையில 92 புள்ளிதானாம். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர 1929 எண்ட போன் நம்பருக்கு அடிக்கப் போறன் எண்டன். "அடியாத மாடு படியாது பிள்ளை, நாங்களும் வாங்கித்தானே வளந்தம், நல்லாத்தானே இருக்கிறம்" எண்டு பக்கத்து வீட்டு அன்ரி போனைப் பறிக்காத குறை. உண்மையா நல்லாத்தான் இருக்கிறமோ?

பழைய வாத்தியார்:
தங்கச்சி, 34 வருசம் படிப்பிச்சனான். என்ர பிரம்பில வாங்கின மூண்டு பேர் இண்டைக்கு டொக்டர்மார், இப்பவும் தேடி வருவினம். ஷெல்லடிக்கையும் 95 இடப்பெயர்வுக்கையும் வளந்த பிள்ளையள் அதுகள். அதைத் தாங்கினதுகள் ஒரு பூவரசந்தடிக்கு உடைஞ்சு போகுமோ?

கிளினிக் நேர்ஸ்:
ஐயா, அந்த மூண்டு பேர் வருகினம். வராத ஆக்களைக் கணக்குப் பாத்தியளோ? நான் இருக்கிற கிளினிக்குக்கு அவையில சில பேர் வருகினம், பிரசர், நித்திரையில்லை, குடி எண்டு.

1998இல அமெரிக்காவில ஃபெலிட்டி, ஆண்டா எண்ட ரெண்டு டொக்டர்மாரின்ர ஆய்வு வந்தது. சின்னனில அடி, வசவு, பாலியல் தொல்லை, வீட்டில குடி, தாய்க்கு அடி எண்டு வகை வகையாக் கேட்டு எண்ணினவை. நாலும் அதுக்கு மேலயும் பட்டவைக்கு மனச்சோர்வும் குடியும் தற்கொலை முயற்சியும் ஒண்டும் படாதவையைவிடப் பல மடங்கு. இருதய நோயும் கூடத்தான். ஷெல்லடி கதைக்கு வந்தா, எங்கட வடக்கு கிழக்கில 296 தமிழ்ப் பிள்ளையளைக் கேட்ட ஆய்வு 2008இல வந்தது. போர், சுனாமி, வீட்டு அடி மூண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டாத்தான் ஏறுது. ஒண்டைத் தாங்கினா மற்றது சுகம் எண்டில்லை.

ரொறன்ரோ ரூபன்:
அமெரிக்கக் கணக்கை இஞ்ச கொண்டராதேங்கோ. அது மருத்துவக் காப்புறுதி இருந்த சன்டியாகோ ஆக்கள், வளந்த பிறகு பழசை நினைச்சுச் சொன்னது. மனம் சரியில்லாதவனுக்குக் கெட்டதுதான் கூட ஞாபகம் வரும். கனடாவில பிள்ளையில கை வைக்க எங்கடையாக்கள் பயம். எண்டாலும் என்ர மூத்தவன் அறைக் கதவைப் பூட்டிப்போட்டு இருக்கிறான்.

கிளினிக் நேர்ஸ்:
ஞாபகப் பிழை நியாயமான கேள்விதான். அதை விட்டுட்டு ருமேனியாவைப் பாருங்கோ. 2000இல புக்கரெஸ்ட் பிள்ளையள் இல்லங்களில இருந்து 136 குழந்தையளை எடுத்து, சீட்டுக் குலுக்கின மாதிரி அரைவாசியை வளர்ப்புக் குடும்பங்களுக்குக் குடுத்தவை. ரெண்டு வயசுக்கு முன்னம் போனதுகள் நல்லாத் தேறினதுகள். அங்க கேள்வி அடியில்லை. தொட்டிலில கிடந்து அழுதா, தன்ர பிள்ளை எண்டு தூக்க ஒரு ஆள் இல்லை.

குவைத் ரிட்டர்ன்:
அப்ப நாங்கள் குற்றவாளியளோ? மனுசன் இல்லை, கடன் கழுத்துவரை. மகளுக்கு மூண்டு வயசில விட்டிட்டுப் போனன். பாலும் சோறும் அம்மம்மாதான்.

கிளினிக் நேர்ஸ்:
இல்லை அக்கா. அம்மம்மா மடியில வைச்சிருந்தா, அவளுக்கு ஒரு ஆள் இருந்திருக்கு. ஆரெண்டாலும் ஒருத்தர் நிலையா இருந்தாலே பெரிய காப்பு. இதெல்லாம் தலையெழுத்தில்லை எண்டதையும் சொல்லத்தான் வேணும்.

படலைச் சத்தம்:
இவ்வளவு நாளும் வாசிச்சிட்டுப் போறவன் நான். அப்பா சைக்கிளைச் சாத்தி வைச்சிட்டுப் படலைக் கொளுக்கியைக் கழட்டுற சத்தம் கேட்டா, நாங்கள் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டுக் கொப்பியை விரிப்பம். அப்பா போய் 11 வருசம். பொழுதுபட ஆரும் படலையை இழுத்தா எனக்கு இப்பவும் வயிறு பிசையும். பாங்கில நல்ல வேலைதான், அன்ரி சொன்ன "நல்லாத்தானே இருக்கிறம்" லிஸ்ட்டில என்ர பேரும் இருக்கும். போன மாதம் நான் வர, மகள் டீவியை நிப்பாட்டிப்போட்டுக் கொப்பியை எடுத்தாள். நான் அவளுக்குக் கை நீட்டினதில்லை. கத்துறது உண்டு.

பழைய வாத்தியார்:
கத்தாமல் பிள்ளை வளக்கேலாது தம்பி. அந்த நேர்ஸ் தங்கச்சி கேட்ட வராத ஆக்களில ஒருத்தன்ர முகம் ராத்திரி வந்தது. எட்டாம் வகுப்போட நிண்டவன். அதுக்கு நான்தான் காரணம் எண்டு ஒத்துக்கொள்ள மாட்டன்.

கோண்டாவிலாள்:
1929க்கு எடுத்திட்டன். விவரம் கேட்டு எழுதினவை. அன்ரி இப்ப என்னோட கதைக்கிறேல்லை. பெடியன் நேற்று ரியூசனுக்குப் போகேக்க முழுக்கைச் சேர்ட் போட்டிருந்தான், இந்த வெய்யிலுக்கை.