மறுமொழி: எஸ்.பி.ஐ.ஆர். 'அவார்ட்' – விருதா, நல்கையா, நிதியுடன்பாடா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். சிறு நிறுவனங்களின் ஆய்வுக்கு அமெரிக்க அரசு பணம் தரும் எஸ்.பி.ஐ.ஆர். திட்டத்தில், 'அவார்ட்' என்பதற்கு 'விருது' என்றே எழுதலாம், அகராதியில் இருக்கிறதே என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். 'நல்கை' என்று அம்மா ஒருவர் திருத்தினார். இருவருடைய தமிழிலும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இரண்டு சொல்லுமே இங்கே பொருந்தவில்லை என்பது என் துணிபு. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருது என்பது செய்து முடித்ததற்குத் தருவது. வாங்கியவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மறுநாள் யாரும் வந்து கணக்குக் கேட்கமாட்டார்கள். எஸ்.பி.ஐ.ஆர். பணமோ இனிமேல் செய்யப்போகும் ஆய்வுக்கு வருவது. முதல் கட்டத்தில் யோசனை நடைமுறைக்கு ஒத்துவருமா என்று காட்டவேண்டும். இரண்டாம் கட்டத்தில் அதை உருவாக்கிக் காட்டவேண்டும். மூன்றாம் கட்டத்தில் எஸ்.பி.ஐ.ஆர். நிதியே கிடையாது, சந்தையிலோ வேறு அரசு வரவு செலவிலோ பணம் தேடிக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு படியிலும் அறிக்கை, செலவுக் கணக்கு, கெடு. இதைப் போய் 'விருது' என்றால் படிப்பவர் மனத்தில் மாலையும் மேடையும்தான் தோன்றும்.

துறைகள் மனம் உவந்து தரும் பரிசும் அன்று இது. தேசிய அறிவியல் அறக்கட்டளை 1977-இல் முன்னோடியாக நடத்திப் பார்த்ததை 1982-இல் சட்டமாக்கினார்கள். வெளியாரைக் கொண்டு செய்யும் ஆய்வுக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவிடும் துறைகள், அதில் குறைந்தது 3.2 விழுக்காட்டைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கவேண்டும் என்று அந்தச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, சொல்கிறது. இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 'சிறுதொழில்' என்று எழுதாதீர்கள். 500 பேர் வரை வேலைசெய்யும் நிறுவனமும் இந்தச் சட்டத்தில் சிறு நிறுவனம்தான். 'சிறுதொழில்' என்றால் நமக்கு ஒரு பட்டறைதான் கண்ணுக்கு வரும்.

அப்படியானால் 'நல்கை' ஏன் கூடாது? அழகான சொல்தான். 'மானியம்' விலைச் சலுகை என்ற பொருளையும் சுமந்து நிற்பதால், நானும் 'கிராண்ட்' என்பதற்கு நல்கையையே எழுதுகிறேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எஸ்.பி.ஐ.ஆரில் எல்லாப் பணமும் நல்கையாக வருவதில்லை. எரிசக்தித் துறை தருவது நல்கை. மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் (என்.ஐ.எச்.) தருவதும் பெரும்பாலும் நல்கைதான். பாதுகாப்புத் துறையும் நாசாவும் போடுவது பெரும்பாலும் ஒப்பந்தம். இந்த வேறுபாட்டை 1978-இல் வந்த இன்னொரு சட்டம் வரையறுத்திருக்கிறது: அரசு தன் தேவைக்கு ஒன்றை வாங்கினால் அது ஒப்பந்தம்; பொதுநலப் பணி ஒன்றுக்குத் துணைநின்றால் நல்கை; துணைநிற்பதோடு பணியிலும் கணிசமாகக் கைகொடுத்தால் கூட்டுறவு உடன்பாடு. மூன்றுக்கும் பொதுவாக 'அவார்ட்' என்று பேசுகிறார்கள். பொதுச்சொல்லுக்கு 'நல்கை' என்று வைத்துவிட்டால், நாசாவோடு ஒப்பந்தம் போட்டவரையும் நல்கை பெற்றவர் என்று எழுதவேண்டி வரும். அது பிழை.

எஸ்.பி.ஐ.ஆர். சட்டத்தின் வரையறைப் பிரிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் 'ஃபண்டிங் அக்ரிமென்ட்' என்றொரு தொடர் வருகிறது. ஒப்பந்தம், நல்கை, கூட்டுறவு உடன்பாடு எதுவானாலும், ஆய்வுக்காக ஒரு துறையும் சிறு நிறுவனமும் செய்துகொள்வது என்று அதற்குப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு வேண்டிய பொதுச்சொல் இதுதான். நிதி + உடன்பாடு = நிதியுடன்பாடு. இரு தரப்பும் கட்டுப்பட்டது என்பது சொல்லிலேயே தெரிகிறது. 'நிறுவனம் நிதியுடன்பாடு பெற்றது', 'நிதியுடன்பாடு கையெழுத்தானது' என்று வாக்கியத்திலும் தடங்கல் இல்லாமல் உட்காருகிறது. 'நிதிப்பேறு' என்று முதலில் எண்ணினேன். ஓசை நன்றாக இருந்தது. ஆனால் அதில் பெறுகிறவர் மட்டும்தான் இருக்கிறார், கடமை இல்லை. விட்டுவிட்டேன்.

இது ஒரு சொல்லோடு முடிகிற காரியமாக இருந்தால் இவ்வளவு நீட்டியிருக்கமாட்டேன். என்னை உண்மையில் வருத்துவது 'ஏற்பு'.

இத்திட்டம் பற்றி நான் எழுதிய விளக்கக் குறிப்பில் மூன்று இடத்தில் 'முன்மொழிவு ஏற்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். இருவர் மட்டுமே உள்ள நிறுவனம் ஒன்றை நடத்தும் நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதில் எந்த ஏற்புக்குப் பிறகு நான் ஆள் எடுக்கலாம்?" எனக்குப் பதில் தெரியும், ஆனால் என் குறிப்பில் அந்தப் பதில் இல்லை. முதல் இடத்தில் நான் சொல்லவந்தது, இணையவாயிலில் முன்மொழிவு போய்ச் சேர்ந்ததை. இரண்டாம் இடத்தில், மதிப்பீட்டாளர்கள் நன்று என்றதை. மூன்றாவதில்தான் பணம் உறுதியானதை. என் சொல்லை நம்பி முதல் 'ஏற்பை'ப் பார்த்ததும் ஒருவர் சம்பளம் பேசியிருந்தால் அந்தப் பிழை என்னுடையது.

ஆகவே படிகளைப் பிரித்து, படிக்கொரு சொல் வைப்போம் என்கிறேன். போய்ச் சேர்ந்தால் 'பெறப்பட்டது', அவ்வளவுதான்.

அடுத்து நடப்பது சல்லடை. பக்க எல்லையைத் தாண்டியதா, வேண்டிய படிவங்கள் உள்ளனவா, அறிவிப்பில் கேட்ட பொருளுக்குள் வருகிறதா என்று பார்க்கிறார்கள். தேறாதவை மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பக்கூடும். தேறியதை 'இயைபுள்ளது' என்று சொல்லலாம். நல்ல யோசனையும் இயைபில்லாமல் திரும்பலாம் என்பதால் இதில் தரத்தைக் குறிக்கும் சொல் எதுவும் கலக்கக் கூடாது.

அதற்குமேல் வருவதுதான் 'மெரிட் ரிவ்யூ'. 'தகுதி மதிப்பீடு' என்று இழையில் பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தகுதி நமக்கு வேறிடத்தில் வேண்டும்: ஊழியர் எண்ணிக்கை, பாதிக்கு மேற்பட்ட உரிமை யாரிடம் உள்ளது, தலைமை ஆய்வாளரின் முதன்மை வேலை எங்கே என்பவையெல்லாம் தகுதி. அவை இருக்கும் அல்லது இருக்காது. கூடுதல் குறைவு கிடையாது. 'தகைமை' என்றால் இலங்கை நண்பர்களுக்கு அது கல்வித் தகைமை. எனவே 'தர மதிப்பீடு' என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம். முன்மொழிவின் தரத்தை எடைபோடுவது என்று யாருக்கும் விளங்கும்.

இந்தப் படியில் மொழிபெயர்ப்பாளர் வழுக்கும் இடங்கள் நிறைய. தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் 1 முதல் 9 வரை எண் இடுகிறார். சராசரியைப் பத்தால் பெருக்கி 10 முதல் 90 வரை ஓர் இறுதி எண் தருகிறார்கள். குறைந்த எண்ணே சிறந்தது. 'மதிப்பெண் 20' என்று எழுதினால் நம் வாசகர் தோல்வி என்றே படிப்பார். 'தரப்புள்ளி' என்று எழுதி, குறையக் குறைய மேல் என்பதைப் பக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும். அங்கேயே 'விவாதிக்கப்படவில்லை' என்றொரு முடிவும் உண்டு. யாரும் படிக்கவில்லை என்று அதற்குப் பொருளில்லை. ஒதுக்கப்பட்ட மதிப்பீட்டாளர்கள் படித்துக் குறை நிறை எழுதியிருப்பார்கள், குழுக் கூட்டத்தில் மட்டும் எடுத்துப் பேசவில்லை. மறுபடி விண்ணப்பிப்பவருக்கு அந்தக் குறிப்புகள் பொன்.

பாதுகாப்புத் துறையில் வேறு வழி. அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் அரசின் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும். தொழில்நுட்பச் சிறப்பு, குழுவின் திறமை, 'கமர்ஷியலைசேஷன்' வாய்ப்பு ஆகிய மூன்றையும் பார்க்கிறார்கள். மூன்றாவதை 'வணிகமயமாக்கல்' என்று எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்வி வணிகமயம், மருத்துவம் வணிகமயம் என்று கண்டித்தே பழகிய சொல் அது. இங்கே அரசு விரும்பிக் கேட்பதைக் கெட்டதுபோல் காட்டிவிடும். 'சந்தைக்குக் கொண்டுசெல்லும் வாய்ப்பு' நீளம்தான், ஆனால் நேர்மையானது.

தர மதிப்பீட்டில் மேலே வந்தவை 'பரிந்துரைக்கப்பட்டவை'. இந்தச் சொல்லை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. மதிப்பீட்டாளர் கருத்துச் சொல்கிறார். திட்ட அலுவலர் பரிந்துரைக்கிறார். அரசைக் கட்டுப்படுத்தும் கையொப்பமோ நல்கை அலுவலருக்கோ ஒப்பந்த அலுவலருக்கோதான் உரியது. அவர் செலவுத் திட்டத்தைக் கேள்வி கேட்பார், கணக்கு முறையைப் பார்ப்பார், பேரம் பேசுவார். அதுவரை எந்த வாழ்த்து மின்னஞ்சலும் பணம் ஆகாது. என் நண்பருக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான்: நிதியுடன்பாடு கையெழுத்தாகும்வரை ஆள் எடுக்காதே.

ஒரே ஒரு படிக்கு என்னிடம் சொல் இல்லை. தர மதிப்பீட்டில் தேறி, பரிந்துரையும் பெற்று, அந்த ஆண்டின் பணம் தீர்ந்துவிட்டதால் நின்றுபோனவை உண்டு. எத்தனை நல்ல முன்மொழிவு வந்தாலும் அத்தனைக்கும் நிதி தரவேண்டிய கட்டாயம் துறைக்கு இல்லை என்பதால் இது அடிக்கடி நேர்வது. 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினால் அந்த ஆய்வாளருக்கு அநியாயம். 'காத்திருப்பில்' என்றால் பணம் வரும் என்ற பொய் நம்பிக்கை. 'தேறியது, நிதியில்லை' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஒரே சொல்லாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். குறிப்பை வெளியிடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.