மறு: டைனமிக் கரன்சி கன்வர்ஷனுக்குத் தமிழில் என்ன? (பனிச்சறுக்குப் பயணப் பணக் கையேடு)

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. பரிந்துரைகள் நிறைய வந்துவிட்டன, ஆனால் நம் பனிச்சறுக்குப் பயணக் கையேட்டில் டைனமிக் கரன்சி கன்வர்ஷனுக்கு (வெளிநாட்டில் அட்டையை நீட்டும்போது எந்திரமே தொகையை நம் நாணயத்துக்கு மாற்றிவிடுவதற்கு) வைக்கப்போகிற சொல்லை யார், எங்கே நின்றுகொண்டு படிக்கப் போகிறார் என்பதை யாரும் பேசவில்லை. அதனால் வந்த மடல்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இயங்குநிலை நாணய மாற்றம் என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

சரியாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் இதைப் படித்தவருக்கு எது இயங்குகிறது, யார் மாற்றுகிறார் என்று ஏதாவது தெரிகிறதா? ஆங்கிலத்தில் வைத்த 'டைனமிக்' கூட விற்பவர்கள் வைத்த பெயர்தான், நடப்பதை விளக்க வந்த பெயர் அல்ல. அதை இழுத்துக்கொண்டு வந்து தமிழில் உட்கார வைக்கவேண்டிய கடமை நமக்கு இல்லை.

நடப்பது இதுதான். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்கு மேலே ஏதோ ஒரு மலைக்குடிலில் சாப்பிட்டுவிட்டுப் பணம் கட்டப் போகிறோம். கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு அட்டையை நீட்டினால், எந்திரம் அட்டை எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்தே அது எந்த நாட்டு வங்கி கொடுத்தது என்று கண்டுபிடித்துவிடும். உடனே திரையில் இரண்டு தொகை வரும், ஒன்று பிராங்கில், இன்னொன்று நம் கணக்கு எந்த நாணயத்தில் இருக்கிறதோ அதில். பிராங்கை அழுத்தினால் பரிவர்த்தனை பிராங்கிலேயே போய், விசாவோ மாஸ்டர்கார்டோ தன் வீதத்தில் மாற்றும், நம் வங்கி வெளிநாட்டுக் கட்டணம் வாங்குவதாக இருந்தால் அதுவும் சேரும். நம் நாணயத்தை அழுத்தினால் மாற்றுகிற வேலை அங்கேயே, அந்த எந்திரத்தை நடத்துகிற நிறுவனத்தின் வீதத்தில் முடிந்துவிடும். அந்த வீதத்துக்குள்தான் லாபம் இருக்கிறது, அதில் கடைக்காரருக்கும் ஒரு பங்கு போவது வழக்கம். மூன்று நான்கு சதவிகிதம் கூடுதல் என்பது சர்வசாதாரணம், சுற்றுலா இடங்களில் தனியார் வைத்திருக்கிற ஏடிஎம்களில் அதற்கும் மேலே போகும். இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், இப்படி மாற்றிவிட்ட பிறகும் சில வங்கிகள் 'வெளிநாட்டில் நடந்த பரிவர்த்தனை' என்று தங்கள் கட்டணத்தையும் போட்டுவிடும். ஆக இரண்டு பக்கமும் வெட்டு.

பின்னால் வரிசை நிற்கிறது, விரல் விறைத்துப்போய் இருக்கிறது, பரிமாறுகிறவரோ எந்திரத்தைத் தன் பக்கம் திருப்பி அவரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் புன்னகையோடு ரசீதை நீட்டுகிறார். எனக்கு இது நடந்திருக்கிறது. அட்டை நிறுவனங்களின் விதிப்படி தேர்வு வாடிக்கையாளருடையது, கடைக்காரர் தானாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ரசீதில் நம் நாணயமும் ஒரு மாற்று வீதமும் அச்சாகியிருந்தால் அங்கேயே நின்று, ரத்து செய்து பிராங்கில் மறுபடி போடச் சொல்லலாம். மலையை விட்டு இறங்கிய பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே சொல்லில் இருக்கவேண்டிய ஒரே செய்தி, மாற்றுவது யார் என்பது. எப்போது மாற்றுகிறார்கள், இயங்குகிறதா நிற்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

> அப்படியானால் 'கடைமாற்று'. பண்டமாற்று, நாணயமாற்று மாதிரி நறுக்கென்று இருக்கிறது.

நறுக்கென்று இருப்பது உண்மை. ஆனால் அதே பண்டமாற்றுதான் இதற்கு எதிர்ச்சாட்சி. பண்டமாற்றில் மாறுவது பண்டம், நாணயமாற்றில் மாறுவது நாணயம், அப்படியானால் கடைமாற்றில் கடையை அல்லவா மாற்றவேண்டும்? அதோடு ஏடிஎம்மில் கடையே இல்லை. பனிச்சறுக்கு ஊர்களில் ஏடிஎம் இல்லாமல் கதை நடக்காது. ஆஸ்திரியாவில் இன்னும் பல குடில்களில் அட்டை எடுபடாது, ரொக்கம் மட்டும் என்று வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். நகரத்திலேயே எடுத்துவராமல் மலையடிவார ஊரின் ஒற்றை ஏடிஎம்முக்கு வந்து நிற்பவர்தான் இந்தத் திரையில் அதிகம் மாட்டுகிறார்.

இதே மடலில் 'கடைவீதம்' என்றும் ஒரு யோசனை இருந்தது. மாற்றத்துக்குப் பெயர் வைக்காமல் வீதத்துக்குப் பெயர் வைப்பது, யோசனை நல்ல யோசனை. ஆனால் கடைவீதி என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நானே முதலில் அப்படித்தான் படித்தேன்.

> இடைமாற்று?

ஒலி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வங்கித்துறையில் இன்டர்சேஞ்ச் கட்டணம் என்று வேறொன்று இருக்கிறது. கடைக்காரரின் வங்கி அட்டை கொடுத்த வங்கிக்குத் தருவது அது. அதற்கு என்றாவது தமிழ்ச்சொல் தேடும்போது 'இடை'யைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்காக இதை விட்டுவைப்போம்.

என் முன்மொழிவு: முனைவழி மாற்று.

விற்பனைமுனை என்ற சொல் பிஓஎஸ் எந்திரத்துக்கு, அதாவது கடையில் அட்டையை நீட்டுகிற எந்திரத்துக்கு, ஏற்கெனவே இருக்கிறது, முனையமும் புழக்கத்தில் இருக்கிறது. ஏடிஎம்மும் ஒரு முனையம்தான். இணையவழி, வங்கிவழி என்று 'வழி' சேர்த்து எழுதிப் பழகிவிட்டோம், அதனால் 'முனையின் வழியாக நடக்கும் மாற்று' என்று பொருள் தடங்கலில்லாமல் வருகிறது, முனையையே மாற்றுகிறார்கள் என்ற குழப்பமும் வராது. வினையாக வேண்டுமானால் 'முனையிலேயே மாற்றிவிட்டார்கள்' என்று பேச்சுத் தமிழிலும் சொல்லிவிடலாம். முழு வடிவம் வேண்டுகிறவர்கள் 'முனைவழி நாணயமாற்று' என்று எழுதட்டும்.

இதற்கு எதிர்ச்சொல், அதாவது விசாவோ மாஸ்டர்கார்டோ மாற்றுவதற்கு ஒரு பெயர், வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'அட்டைவழி மாற்று' என்றால் இரண்டுமே அட்டையில் கட்டுவதுதானே என்ற கேள்வி வரும். 'வங்கிவழி' என்றால் ஏடிஎம்மும் ஒரு வங்கியுடையதாக இருக்கலாம். எனக்கு எதிர்ச்சொல்லே தேவையில்லை என்று படுகிறது. அது வழக்கமான நடைமுறை, அதற்குத் தனிப்பெயர் சூட்டினால் இரண்டும் சமமான இரு வசதிகள் போலத் தோன்றிவிடும். 'அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டுங்கள்' என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும்.

இனி, சொல்லைவிட எனக்குக் கவலை தருவது பொத்தான்கள். கையேட்டு வரைவில் 'உள்ளூர் நாணயத்தைத் தேர்வு செய்க' என்று இருக்கிறது. எந்த ஊர் உள்ளூர்? பயணிக்கு உள்ளூர் அவருடைய ஊர், எழுதியவர் நினைத்தது குடில் இருக்கிற ஊர். அறிவுரையே தலைகீழாகப் போய்விடும். 'கடை நாணயம்', 'அட்டை நாணயம்' என்று பிரித்துவிடலாம், ஏடிஎம் பகுதியில் மட்டும் 'இந்நாட்டு நாணயம்' என்று போடலாம்.

ஏடிஎம் திரை இன்னும் மோசம். அங்கே மாற்றத்தை ஏற்கிறீர்களா, நிராகரிக்கிறீர்களா என்று கேட்கும். நிராகரி என்ற சொல்லைப் பார்த்ததும் பணமே வராது, அட்டையைத் துப்பிவிடும் என்று பயந்து ஏற்பை அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். நிராகரித்தாலும் கேட்ட யூரோ வரும், மாற்றம் மட்டும்தான் நடக்காது. எனவே கையேட்டில் அந்தப் பொத்தானை 'மாற்றாமல் கொடு' என்று மொழிபெயர்ப்போம். கொடு என்ற வினை அதில் இருந்தால் பயம் போய்விடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த விதியையும் ஒரு வரி சேர்க்கலாம். ஒன்றியத்துக்குள் அட்டையில் கட்டும்போதும் ஏடிஎம்மில் எடுக்கும்போதும் இப்படி மாற்றினால், ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு வீதத்தைவிட எத்தனை சதவிகிதம் கூடுதல் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே காட்டவேண்டும், 2020 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. ஆனால் அது ஒன்றிய நாடுகளின் நாணயங்களுக்கிடையிலான கணக்கு. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை என்பதை மறந்துவிட்டு இதை எல்லா இடத்துக்கும் பொதுவாக எழுதிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் மார்க்அப் என்கிற அந்தக் 'கூடுதல் சதவிகிதம்' அப்படியே இருக்கட்டும், மேல்வைப்பு, ஏற்றளவு என்றெல்லாம் போகவேண்டாம்.

> நாணயம் என்ற சொல்லையே விட்டுவிட்டு எல்லா இடத்திலும் செலாவணி என்று எழுதலாமா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். நாணயத்துக்குக் கரன்சி என்றும் பொருள், கையில் குலுங்குகிற காசு என்றும் பொருள், இங்கே அது ஆபத்து. வரைவில் 'மீந்த நாணயங்களை விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி பார்த்தேன். பெரும்பாலான பணமாற்றுக் கடைகள் நோட்டை மட்டும்தான் வாங்கும், காசைத் தொடமாட்டார்கள். யூரோவில் 2 யூரோ வரைக்கும், பிராங்கில் 5 பிராங்க் வரைக்கும் காசாகத்தான் வரும், அதனால் 'சில்லறைதானே' என்று பையில் போட்டுக்கொண்டு வருவது சின்னத் தொகை அல்ல. அந்த வரியை நம்பி அத்தனையையும் விமான நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர் நம்மைத்தான் திட்டுவார். ஆனால் இலங்கை நண்பர்களுக்கு நாணயமாற்று என்பது அன்றாடச் சொல், அதைப் பிடுங்கிவிட முடியாது. எனவே கரன்சிக்கு நாணயம் இருக்கட்டும், உலோகத்துக்குக் 'காசு' என்று மட்டும் எழுதுவோம், இரண்டையும் கலக்கவேண்டாம். பூட்டுப்பெட்டியில் போட, லிஃப்ட் அட்டைக்குப் பிணையாகக் கொடுக்க என்று காசுக்கும் அங்கே வேலை இருக்கிறது. கடைசி நாளில் காப்பிக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள் என்று எழுதலாம்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு ஒரு யோசனை. செர்மாட்டும் இத்தாலியின் செர்வினியாவும் ஒரே சறுக்குப் பரப்பு, இரண்டையும் சேர்த்து அனுமதிச் சீட்டு வாங்கினால் காலையில் பிராங்க் நாட்டில் கிளம்பி மதியச் சாப்பாட்டை யூரோ நாட்டில் முடித்துவிட்டுத் திரும்பலாம். ஆஸ்திரியாவின் இஷ்குலும் சுவிட்சர்லாந்தின் சம்னாவுனும் அப்படியே. சுவிஸ் பக்கத்துக் கடைகள் பல யூரோ நோட்டை வாங்கிக்கொள்ளும், ஆனால் மீதியைப் பெரும்பாலும் பிராங்கில் தருவார்கள், வீதமும் அவர்கள் வைத்ததுதான். இது எந்திரமே இல்லாத முனைவழி மாற்று. சொல் இங்கேயும் பொருந்துகிறதா இல்லையா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும், எனக்குப் பொருந்துவதாகவே படுகிறது, கல்லாப்பெட்டியும் ஒரு விற்பனைமுனைதானே.

இன்னும் இரண்டு சொல், சுருக்கமாக.

கேஷ் அட்வான்ஸை வரைவில் 'முன்பணம்' என்று போட்டிருக்கிறார்கள். முன்பணம் என்றால் நாம் கொடுப்பது. இதுவோ கடனட்டையை வைத்து ஏடிஎம்மில் ரொக்கம் எடுப்பது, பெரும்பாலான அட்டைகளில் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 'அட்டைக்கடன் ரொக்கம்' என்று வைத்தால் எடுக்கும் முன்பே ஒருமுறை யோசிப்பார்கள்.

பழைய சுவிஸ் நோட்டுகளை 'செல்லாத நோட்டு' என்று எழுதியிருப்பதையும் மாற்றவேண்டும். எட்டாம் வரிசை நோட்டுகளை 2021 ஏப்ரல் 30 உடன் திரும்பப் பெற்றுவிட்டார்கள், கடையில் எடுபடாது. ஆனால் சுவிஸ் தேசிய வங்கி அவற்றைக் கால வரம்பில்லாமல் முழு மதிப்புக்கு மாற்றித் தருகிறது. முந்தைய பயணத்தில் மீந்த நோட்டு யாரிடமாவது இழுப்பறையில் இருக்கலாம், செல்லாக்காசு என்று படித்துவிட்டுக் குப்பையில் போட்டால் பாவம். 'திரும்பப் பெற்ற நோட்டு' என்பதே போதும். பல்கேரிய லெவ் வேறு கதை, அந்த நாடு 2026 ஜனவரி 1இல் யூரோவுக்கே மாறிவிட்டது, அங்குள்ள பனிச்சறுக்கு ஊரான பான்ஸ்கோ பற்றிய பக்கத்தில் லெவ் என்று இருக்கிற இடமெல்லாம் திருத்தவேண்டும்.

பனிச்சறுக்கா பனிச்சருக்கலா என்ற சண்டையில் நான் தலையிடவில்லை, அதற்குத் தனி இழை போடுங்கள்.

முனைவழி மாற்றுக்கு மறுப்பு இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், காரணத்தோடு. வராவிட்டால் திங்களன்று வரைவில் மாற்றிவிட்டு, விக்சனரியிலும் பதிவு போட்டு இணைப்பை இங்கேயே அனுப்புகிறேன்.